லைட் வேலைச் சீட்டு

ஏனுங்க,

அரவேணுவில் வேலை கேட்டுவிட்டு நீங்க வர மதியமாகிவிடும். சோறு வடித்திருக்கிறேன். ரசத்தைச் சுட வைத்துக்குங்க.

இடுப்பு வலிக்காக, பாரம் தூக்காத லைட் வேலைக்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டை மேஸ்திரியிடம் கொடுக்கவில்லை என்று நேற்று சத்தம் போட்டீங்க. இன்றைக்கும் கொடுக்க மாட்டேன். தேயிலை விலை விழுந்த பிறகு எஸ்டேட்டில் சீட்டுக் கொடுத்த மூன்று பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உங்க ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. என்னையும் நிறுத்தினால் எஸ்டேட் கொடுத்த இந்த லைன் ஊடும் போய்விடும். மேஸ்திரியிடம் நீங்க எதுவும் பேச வேண்டாம்.

டாக்டர் சொன்னபடி முழங்காலை மடக்கித்தான் குனிகிறேன். கூடை பாதி நிறைந்ததும் கொட்டிவிடுகிறேன். படுத்தே கிடந்தால் இடுப்பு இன்னும் இறுகும் என்று சொன்னதும் அவர்தான்.

மருதாம்பாள்

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து இடது பாதம் மரத்துக் கிடக்கிறது. நேற்று செருப்பு கழன்றது தெரியாமலே பாதி மேடு ஏறியிருக்கிறேன். கால் மரத்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது என்றார் டாக்டர். லீவு போட்டால் தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் இல்லை, மேஸ்திரிக்குச் சேதி போகாது.

நாலு மணிக்கு இலை எடை போடும் இடத்துக்கு வாங்க. எல்லோர் முன்னாலும் கையைப் பிடிக்காதீங்க. வளைவு தாண்டியதும் பிடித்துக்குங்க.