பர்கருக்கு உப்பு

ருசி பார்க்காமல் உப்பை நான் எதை வைத்துத்தான் போடுவது, நீயே சொல். கறியைப் பிசைந்து, மூடி, உன் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். அது இறுகுகிற வரைக்கும் வேறு வேலை இல்லை. உன் சமையல் மேடையிலேயே தாளை வைத்து இதை எழுதுகிறேன். கையெல்லாம் பன்றிக் கொழுப்பு வாசனை, சோப்புப் போட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் வீட்டுச் சுவரைத் தாண்டி என் வீட்டுக்கு வருமே, அதே வாசனை. அதுதான் உன்னிடம் பேசச் சொல்கிறது.

உன் மகள் முன்னறையில் இருக்கிறாள். நீ எங்களை விட்டுப் போன பிறகு கொறிப்பதோடு சரி. நந்தனத்துக்குக் காலேஜ் போகிறாள், வருகிறாள். நான் கட்டிக் கொடுக்கிற டப்பா பாதி அப்படியே திரும்புகிறது. சுடிதார் எல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. உன் வீட்டுக்காரர் ஞாயிறு காலையில் கறியை வாங்கி வைத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வீட்டில் உட்கார அவருக்குப் பயம்.

போன மாதம் அவளாகவே கேட்டாள். "பெரிம்மா, அம்மா சுடுமே பர்கர், உனக்குத் தெரியுமா?"

இத்தனை நாளில் அவள் வாய் திறந்து கேட்ட சாப்பாடு அது ஒன்றுதான். தெரியும் கண்ணு என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலேயே நின்று எத்தனை வருஷம் பார்த்தவள். நின்று பேசிக்கொண்டிருந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். கண் உன் கையில் இருந்ததா, என் வாய் என் கதையில் இருந்ததா, இப்போதுதான் தெரிகிறது.

இந்த பர்கர் நம் தெருவுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸ் துணி எடுக்க தி. நகர் போனோம். உன் மகள் ஒரு கண்ணாடிக் கடை முன்னால் நின்றவள் நகரவே இல்லை. உள்ளே ஒருத்தன் இரண்டு கையாலும் பன்னைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். நீ அவள் தலையில் லேசாகத் தட்டி, "வா, இத்த வுட சூப்பரா வூட்ல சுட்டுத் தரேன்" என்றாய். நான் சிரித்தேன். அடுத்த ஞாயிறு சுட்டாய். வழக்கமாகக் குழம்பு வைக்கிற பன்றிக்கறியைக் கடையிலேயே கொத்தி வாங்கிவந்து, வெங்காயத்தை நறுக்கித் துணியில் பிழிந்து, இஞ்சி பூண்டு, மிளகு, கொத்தமல்லி, ரஸ்க்குத் தூள் எல்லாம் போட்டுப் பிசைந்தாய். வடை மாதிரி தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. கொழுப்பு உருகின அதே கல்லில் பன்னைக் கவிழ்த்து வாட்டினாய். புதினாச் சட்னியில் மயோனைஸ் கலந்து தடவினாய். உன் மகள் முகமெல்லாம் சட்னி.

எனக்கு மட்டும் வெறும் பன்னில் வெள்ளரிக்காய். பன்றி எங்கள் வழியில் கிடையாது. முருகனுக்காக ஆடு, கோழியும் விட்டாயிற்று. நீ சும்மா விடுவாயா? "இன்னாக்கா, உன் சாமி கொடியில சேவல வெச்சிக்கினு கீறாரு, பன்னிய பாத்தா கோச்சிக்கப் போறாரு?" என்று என் இடுப்பில் இடிப்பாய். "போடி, உன் மாதாவுக்குத் தெரியும் என் பக்தி" என்பேன். சுவரில் இருக்கிற மாதா படத்தைப் பார்த்து இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

இப்போதும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது உன் அடுப்படி, இங்கே அவள் பொறுப்பு. முருகனிடமும் சொல்லிவிட்டு வந்தேன். குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவேன், ஒரு பிள்ளை சாப்பிட வேண்டும், பொறுத்துக்கொள் என்று.

எங்கள் ஊரில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வோம். அவளுக்கு முன்னால் நாம் ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் என் வீட்டுச் சாம்பாரைக்கூட நான் ருசி பார்த்ததில்லை, கைதான் கணக்கு. ஒருமுறை உன் குழம்பில் உப்புப் போடச் சொன்னாய். போட்டுவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்தேன். "ருசி பாக்காம வெச்சிட்ட? இது இன்னா, சாமிக்கா படைக்கப் போற?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

என் கைக்குப் பொங்கல் தெரியும், சாம்பார் தெரியும். பன்றி தெரியவில்லை.

முதல் ஞாயிறு கல்லிலேயே உடைந்து போனது, வெங்காயத்தைப் பிழிய மறந்திருந்தேன். உன் மகள் ஏதோ கேட்க வந்தவள் போலச் சமையலறை வாசலில் நின்றாள். "புகையில நீ எதுக்கு கண்ணு, போய் உக்காரு, பெரிம்மா கொண்டாரேன்" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு உடையவில்லை, உப்புக் கரித்ததாம். அதற்கடுத்தது சப்பென்று இருந்ததாம். அவள் எங்கே சொல்கிறாள்? உன் வளர்ப்பாயிற்றே. ஒரு கடி கடித்துவிட்டு, "நல்லாக்கீது பெரிம்மா, அப்புறமா துன்றேன்" என்று ஃப்ரிட்ஜில் வைப்பாள். உன் வீட்டுக்காரர்தான் ராத்திரி வந்து சாப்பிட்டுவிட்டு, "உப்பு மட்டும் கொஞ்சம்..." என்று தலையைச் சொறிகிறார்.

இன்று காலையில் ஒரு துளிக் கறியைக் கல்லில் சுட்டு எடுத்தேன். ஒரு பெண்ணுக்காகத்தானே, தெய்வம் கோபிக்காது என்று வாய் வரைக்கும் கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லையடி. இத்தனை வருஷத்து வாய். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. எதற்கும் உதவாதவளாக உன் அடுப்பு முன்னால் நின்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னபோது எப்படி நின்றேனோ, அப்படி.

அந்த வருஷம் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாயே, உனக்கு எந்த ருசியும் தெரியவில்லை. நான் கொண்டுவந்த ரசத்தைக் குடித்துவிட்டு, "இன்னாவோ வாயில மண்ணப் போட்டா மாரி கீதுக்கா" என்றாய். உப்பா புளிப்பா என்றுகூட உன்னால் சொல்ல முடியவில்லை. இருந்தும் அந்த ஞாயிறு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று பர்கர் சுட்டாய். உன் வீட்டுக்காரர் மூன்றாவதும் கேட்டார். உப்பு இம்மி பிசகவில்லை என்றார். நாக்கு செத்த பிறகும் உனக்கு எப்படித் தெரிந்தது? நான் மலைத்துப்போய், "கைப்பழக்கம்டி" என்றேன். நீ சமையலறை வாசல் பக்கம் பார்த்துச் சிரித்தாய்.

வாசல் பக்கம்.

இப்போதுதான் நினைவு வருகிறது. சுண்டைக்காய் அளவு கறியைக் கிள்ளி, கல்லின் ஓரத்தில் போட்டு நன்றாக வேகவிடுவாய். எடுத்து ஊதி ஊதி ஆற்றுவாய். அதை ஒருநாளும் நீ உன் வாயில் போட்டதே இல்லை, உடம்பு நன்றாக இருந்த காலத்திலும். சமையலறை வாசலில் ஒருத்தி குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். மென்றுவிட்டு, "இன்னும் ஒரு சிட்டிகை போடும்மா" என்று சொன்னது அவள்தான்.