அப்பாவின் சட்டை நிறம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி? மாத்திரையை நிறுத்தாதே.

அப்பா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கி வைத்திருக்கும் படம் வெளுத்துப்போயிருந்ததே, அதைச் சரிசெய்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் கன்டெய்னர் என்று தனி அறை மாதிரி ஒன்று உண்டு. வேலை அதற்குள் நடந்தது. முடிந்ததும் அவசரக்குடுக்கையாகக் கன்டெய்னரையே அழிக்கப் போனேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

“யோவ், உள்ள இருக்கிற படத்த வெளிய எடுத்தியா?”

எடுக்கவில்லை. அழித்திருந்தால் அப்பாவும் அதோடு போயிருப்பார். உடனே வெளியே காப்பி செய்துவிட்டேன், கவலைப்படாதே.

வெளுத்த சட்டைக்குக் கம்ப்யூட்டர் தானாகவே ஊகித்து நீலம் போட்டிருக்கிறது. நீலம்தானா? அப்பாவைப் பார்த்த நினைவே இல்லாத எனக்கு எப்படித் தெரியும்?

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். பதில் எழுதாதே, போன் செய்து சொல். நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதே.

உன் மகன்