பெயின்ட் அடித்த ஐந்து பெட்டிகள்

மே 6, செவ்வாய்

காலை பத்து மணிக்கே கடைத் தகரம் கொதிக்கிறது. ரிப்பேருக்கு ஃபேன் இரண்டு, மிக்சி மூன்று. ஒரு மிக்சிக்குள் கரப்பான் குடும்பமே குடியிருந்தது.

பதினொன்றுக்கு அரூர் பாஸ்கர். ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பவர். போன வாரம் எங்களிடம் வாங்கிப் போன பெடலை, காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டியை, மேசைமேல் வைத்தார். மரியாதைக்கு 'வைத்தார்' என்று எழுதுகிறேன். போட்டார்.

"என்னாங்க இது, மிதிச்சாலும் உய்ங்குது, மிதிக்காட்டியும் உய்ங்குது. மைக்செட்டுக்காரரு என்னைப் பாத்து மொறைக்கிறாரு. சனிக்கெழமை பண்டிகை கச்சேரிங்க. இதை நம்பி ரெண்டு பாட்டு ஒத்துக்கிட்டேன்."

தினேஷ் அப்போது கடையில்தான். என் வீட்டுக்காரரின் தம்பி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "சால்டரிங்லதாண்ணா கோளாறு இருக்கும். அது மட்டும் எங்க அண்ணிகிட்ட குடுத்தது. சரி பண்ணி வைக்கச் சொல்றேன்."

அது மட்டும்! அண்ணிகிட்ட குடுத்தது!

ஏழு மாதமாக இந்தப் பெடல் எல்லாம் யார் செய்தது? கணக்கு எழுதிவிடுகிறேன், மனசு ஆறட்டும்.

நான்: சர்க்யூட் வரைந்தது. செம்புத் தகட்டில் கோடு போட்டது. செம்பை அரிக்கும் கரைசலில் ஊறவைத்தது (விரலில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை, சோறு பிசையவே அருவருப்பு). துளை. சால்டரிங். பெட்டியில் ஓட்டை.

தினேஷ்: பெயின்ட். பேர். வீடியோ.

பெட்டிமேல் ஆரஞ்சு எழுத்தில் 'தினேஷ் டோன்'. வீடியோவில் "நானே வூட்ல செஞ்சது ஃப்ரெண்ட்ஸ்." கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குவது உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர். அது எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

நல்லா பாடினால் அவன் பெட்டி. கத்தினால் அண்ணி சால்டரிங். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தது நானா அவனா?

இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "வுடு சுமதி. நம்ம பையன்தான?" இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றினேன்.

மே 7, புதன்

வெயில். மாங்காய் லாரிகள் வரிசையாக. தூசி.

அலமாரியில் மீதி நாலு பெடல், பாஸ்கருடையதைச் செய்த அதே வாரத்தில் செய்தவை. ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தேன். நாலும் உய்ங்குகிறது! பாஸ்கருடையதோடு ஐந்து.

அதற்கு முன்பு செய்த ஏழில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதே சர்க்யூட். அதே ஈயம். அதே கை.

பார்த்தது: புது பேட்டரி, அதே உய்ங். ஒயர் மாற்றினேன், அதே. கண்டென்சர் இரண்டு மாற்றினேன், அதே. டிரான்சிஸ்டர் மாற்றினேன், விரல் சுட்டது, அதே.

பாஸ்கர் பெடலில் எல்லா இணைப்பையும் மறுபடி சால்டர் செய்தேன். முப்பத்தொன்று. ஒன்றுகூட மோசமில்லை. ஆனாலும் செய்தேன். ஏன்? அவன் சொன்னதால். அவன் சொன்னதை நம்பி என் கையை நானே சந்தேகப்பட்டேன். அதுதான் எரிகிறது.

மாலை தினேஷ் எட்டிப் பார்த்தான். "என்னா அண்ணி, ஆச்சா? சனிக்கெழமை எம் மானம் போயிரும்."

அவன் மானம்.

"ஒரு வார்த்தை சொல்லு தினேஷ். வீடியோல, அண்ணிதான் செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை."

சிரித்தான். "அட என்னா அண்ணி நீங்க. மிக்சி ரிப்பேர் பண்ற பொம்பள செஞ்சதுன்னா எவன் வாங்குவான்? எல்லாம் நம்ம வூட்டுக்குத்தான?"

என் வீட்டுக்காரர் அங்கேதான் ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தார். "அவன் சொல்றதும் சரிதான்" என்றார். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். கையில் வைத்திருந்தால் எதையாவது குத்தியிருப்பேன்.

மே 8, வியாழன்

கரன்ட் இல்லை, பத்திலிருந்து இரண்டு வரை. சால்டரிங் கிடையாது. சும்மா உட்கார்ந்து யோசித்தேன். கரன்ட் போனதும் நல்லதற்குத்தான்.

யோசித்தது இது. பெட்டியிலிருந்து சர்க்யூட் போர்டை வெளியே எடுத்தால் கொஞ்சம் முனகும். அது சகஜம். சுற்றி இருக்கும் ட்யூப்லைட், சீரியல் பல்பு எல்லாவற்றின் இரைச்சலையும் பிடிக்கும். அலுமினியப் பெட்டிக்குள் போட்டு மூடினால் நின்றுவிட வேண்டும். பெட்டி எதற்கு? அழகுக்கா? இரைச்சலைத் தடுக்கத்தான்.

இந்த ஐந்தும் மூடினாலும் நிற்கவில்லை. திறந்தாலும் உய்ங், மூடினாலும் உய்ங். பெட்டி இருக்கிறது, ஆனால் இல்லாத மாதிரி.

கரன்ட் வந்ததும் வீட்டுக்கு ஓடினேன். பீரோவுக்கு மேலே நான் முதன்முதலில் செய்த பெடல். பெயின்ட் இல்லை, பேர் இல்லை, ஓட்டையும் கோணல். கடைக்குக் கொண்டுவந்து, அதன் போர்டை எடுத்துவிட்டு, பாஸ்கர் போர்டை அதில் மாட்டினேன். மூடினேன். ஸ்பீக்கரைத் திருகினேன், முழுசாக.

சத்தமே இல்லை.

கிட்டார் இல்லாததால், அதன் ஒயர் சொருகும் ஜாக்கின் முனையை விரலால் தொட்டேன். கர்ர்ர் என்று பிடித்தது. விட்டதும் அமைதி. கடை வாசலில் நின்றுகொண்டு அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

அப்புறம் மீட்டர். ஒரு முனை ஜாக்கின் எர்த்தில், ஒரு முனை 'தினேஷ் டோன்' பெட்டியின் உள்பக்கத்தில். இரண்டும் சேர்ந்திருந்தால் பீப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. பிளேடால் உள்ளே ஒரு கீறல் போட்டு, வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் வைத்தேன். அப்போதும் இல்லை. ஜாக் மாட்டும் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டினேன். ஜாக்கை இறுக்கினேன். பீப்!

பெயின்ட். ஓட்டையின் உதடு வரைக்கும் பெயின்ட். ஜாக் தகட்டைத் தொடவே இல்லை. பெட்டிக்கு எர்த்தே கிடைக்கவில்லை. இரைச்சலை எப்படித் தடுக்கும்?

தினேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆமா அண்ணி, முன்னாடி நானே வெளிய மட்டும் அடிச்சேன், இந்த அஞ்சையும் பைக்குக்கு பெயின்ட் அடிக்கிறவருகிட்ட குடுத்தேன். உள்ள வெளிய ரெண்டு கோட்டு. நாந்தான் அடிக்கச் சொன்னேன். துரு புடிக்கக் கூடாதில்ல?"

அலுமினியத்துக்குத் துரு!

"ஓட்டையைச் சுத்தி மறைச்சிட்டு அடிக்கச் சொன்னியா?"

"எதுக்கு?"

எதுக்கு. மூன்று நாள். முப்பத்தொரு இணைப்பு. சுட்ட விரல். எல்லாம் அவன் பேரை எழுத அடித்த பெயின்டுக்கு.

என் தப்பும் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இந்த ஐந்துக்கும் "ஸ்க்ரூதான அண்ணி, நான் மாட்டிக்கிறேன்" என்றான். போர்டை மட்டும் டெஸ்ட் பண்ணிக் கொடுத்தேன். மாட்டிய பிறகு பார்க்கவில்லை. இனி ஒரு ஸ்க்ரூவைக்கூட அவன் தொடக் கூடாது.

மே 9, வெள்ளி

காலையில் தினேஷ் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நான் அப்பவே அண்ணிகிட்ட சொன்னேண்ணா, எர்த்தா இருக்கும்னு."

ஆண்டவனே.

மிக்சி மூன்றும் முடிந்தது. கரப்பான் மிக்சிக்காரம்மா, "உம் வூட்டுக்காரரு கைராசிக்காரரு" என்றார். அதைத் திறந்ததும் நான், மூடியதும் நான். சிரித்து அனுப்பினேன். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பாஸ்கர் போர்டு என் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். பெயின்ட் பெட்டியைச் சுரண்டித் தர இஷ்டமில்லை.

மே 10, சனி

பக்கத்து ஊர் மாரியம்மன் பண்டிகை. மதியம் மூன்று மணிக்கு மேடையில் சவுண்டு பார்க்கிறார்கள் என்று பெடலை எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். பந்தல் முழுக்க சீரியல் பல்பு. ஜெனரேட்டர் ஒரு பக்கம் உறுமல். இதைவிட மோசமான இடம் கிடையாது.

பாஸ்கர் மாட்டினார். மிதித்தார். காத்திருந்தார்.

உய்ங் இல்லை.

ஒரு சுரத்தை இழுத்து வாசித்தார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தோசைக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைக்செட்டுக்காரர் கட்டை விரலைத் தூக்கினார். என் பெட்டி. என் கோணல் ஓட்டை.

பாஸ்கர் குனிந்து பார்த்தார். "என்னாங்க, பேரைக் காணோம்? பெயின்டையும் காணோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தினேஷ். "புது மாடல்ண்ணா. வெறும் மெட்டல்தான் இப்ப ஸ்டைலு. நாந்தான் யோசிச்சேன்."

"சூப்பருங்க தம்பி. நாளைக்கு வந்து இன்னும் ரெண்டு வாங்கிக்கிறேன். எங்க பேஸ் கிட்டார் வாசிக்கிறவரும் கேக்கறாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஊர் பண்டிகை, நாலு பேர் நிற்கிறார்கள், குடும்ப மானம். வருகிற வழியில் வண்டியில் என் வீட்டுக்காரர், "பாத்தியா, நல்லா முடிஞ்சிடுச்சி" என்றார்.

நல்லா முடிஞ்சிடுச்சாம்.

மே 11, ஞாயிறு

ஐந்து மணிக்கே கடை திறந்தேன். அலமாரியில் இருந்த நாலு பெடலையும் பிரித்தேன். போர்டு, ஜாக், சுவிட்ச் எல்லாம் வெளியே. பெயின்ட் பெட்டிகளைத் துணியால் துடைத்து, மூடி, நாலு ஸ்க்ரூவையும் இறுக்கி, பேர் முன்னால் தெரிகிற மாதிரி வரிசையாக வைத்தேன். பளபளவென்று இருந்தது. பெயின்டர் நல்ல வேலைக்காரர், குறை சொல்லக் கூடாது.

ஒன்பதரைக்கு பாஸ்கரும் பேஸ் வாசிப்பவரும் வந்தார்கள். தினேஷ் புதுச் சட்டையில். போனில் வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருந்தான்.

"பெயின்ட் அடிச்சதும் இருக்குதுண்ணா, பாருங்க. அதையும் சரி பண்ணிட்டேன்" என்று ஒன்றை எடுத்தான். எடுத்தவன் கை சும்மா மேலே போனது. கனம் இல்லை. ஆட்டிப் பார்த்தான். ஜாக் மாட்டும் ஓட்டை வழியே அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"அண்ணி... என்னா அண்ணி, காலியா இருக்குது?"

பாஸ்கர் வாங்கிப் பார்த்தார். அடுத்ததைத் தூக்கினார். அதுவும். மூன்றாவதும். என் வீட்டுக்காரர் ஃபேன் துடைப்பதை நிறுத்தினார்.

"என்னாங்க தம்பி இது? உள்ள ஒண்ணுமே இல்லியே?"

தினேஷ் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிக்சி சாமான் டிராயரைத் திறந்து நாலு போர்டையும் மேசைமேல் வைத்தேன். குரல் நடுங்கவில்லை, அதுவே அதிசயம்.

"பெட்டி தம்பியோடதுங்க. உள்ள இருக்கறது என்னோடது."

பாஸ்கர் ஒரு போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்த சால்டரிங்கை. அப்புறம் என் கையை, மஞ்சள் விரலை.

ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிங்கம்மா. பேஸுக்கு இதுல என்னா மாத்தணும்?"

தினேஷ் கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.