நீலமா, சாம்பலா

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடைக்கு வந்தது இரண்டே பேர். ஒரு ஆதார் நகல், ஒரு பயோடேட்டா.

மாலை ஐந்துக்குக் குப்பத்து மீனவர் சங்க மைக்கில் செய்தி படிப்பது என் வேலை. அதற்காகத் தினமும் பார்க்க வேண்டியவை: கடல் வானிலை, துறைமுக அறிவிப்பு, டீசல் மானியம், எண்ணூர்ச் சாம்பல் கழிவு விவகாரம், பேப்பர்கள் எட்டு, இன்னும் என்னென்னவோ. மொத்தம் நாற்பத்தொரு தளம். திறந்து மூடவே இரண்டு மணி நேரம். நடுவில் யாராவது ஜெராக்ஸ் கேட்டால் என் முகத்தில் எரிச்சல் தெரிகிறதாம். தெரியட்டும்.

எல்லாத் தளங்களின் புதுச் செய்தியையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும் திரட்டி ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட வேண்டியதுதான்.

நவ. 4, செவ்வாய்

மூன்றை இறக்கிப் பார்த்தேன். பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஐகான் நிறம்தான் பெயர்.

ஆரஞ்சு: கணக்கு தொடங்கச் சொல்கிறது. சில தளங்களுக்கு மேல் போனால் காசு. போ.

சாம்பல்: அரதப்பழசு. பொடி எழுத்து. வந்ததையெல்லாம் வரிசையாகக் கொட்டும், அவ்வளவே.

நீலம்: அழகு. தனித்தனி ஃபோல்டர். தமிழ் எழுத்து உடையவில்லை. ‘வந்த தலைப்பே மறுபடி வந்தால் மறை’ என்று ஒரு கட்டம். எட்டுப் பேப்பரும் ஒன்றையே போடுவதால் எனக்கு வேண்டியது இதுதான். டிக் செய்தேன்.

வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட வந்தார். “இன்னாமே, மீன் வாங்க வந்தவ மாறி செவுளத் தூக்கித் தூக்கிப் பாத்துகினு கீற. ஒண்ண எடு, வூட்டுக்கு வா.”

நவ. 5, புதன்

நீலமே. நூற்றுக்கணக்கில் வந்ததில் மறைத்தது போகக் கொஞ்சம்தான். அரை மணியில் வேலை முடிந்தது. எனக்கே பெருமை.

மைக்கில் முதல் செய்தி: மீனவர்களுக்கு எச்சரிக்கை, நாளை கடலுக்குப் போக வேண்டாம்.

நவ. 6, வியாழன்

ஒரு படகும் இறங்கவில்லை. மாலை நீலத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லை. “நாளைக்கு எச்சரிக்கை இல்லை” என்று படித்தேன். போனில் வருவதை இங்கே யாரும் நம்புவதில்லை, பாதி வதந்தி. மைக் சொன்னால்தான் படகு எஞ்சினைத் தோளில் தூக்கிக் கரைக்கு வருவார்கள். வீட்டுக்காரரும் கொழுந்தனும் விடியலில் கடலில் இறங்குகிறார்கள்.

வஞ்சிரம் கிடைத்தால் குழம்பு. தேங்காய் வாங்க வேண்டும்.

நவ. 7, வெள்ளி

கா. 7. காற்று கடைப் பலகையைப் பிடுங்குகிறது. நீலத்தைத் திறந்தேன், ஒன்றுமில்லை. வானிலைத் தளத்துக்கே போய்ப் பார்த்தேன். எச்சரிக்கை இருக்கிறது. நேற்று மதியமே போட்டிருக்கிறார்கள். தலைப்பு புதன்கிழமை வந்ததேதான், ஒரு எழுத்து மாறவில்லை. உள்ளே தேதி மட்டும் வேறு. பழைய செய்தி என்று நீலம் மறைத்துவிட்டது. மறைக்கச் சொன்னவள் நான்.

கரைக்கு ஓடினேன். போனவை ஐந்து படகு. பன்னிரண்டுக்குள் நான்கு வந்துவிட்டன. அவருடையது இல்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதன்மேல் உட்கார வைத்தாள். “அழாத. உம்புருசன் கட்டுமரத்துல பொறந்தவன்” என்றாள். அழுதேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள்.

“வலைய அறுத்து வுட்டு வந்தோம்மே” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “மைக்குல இல்லன்னுதான சொன்ன?” குரலில் கோபமே இல்லை. திட்டியிருக்கலாம். தேங்காய் உடைக்காமல் கிடக்கிறது.

நவ. 8, சனி

காற்று குறையவில்லை. யாரும் போகவில்லை. காலையில் சங்கத்துக்குப் போய், தப்பு என்னுடையது, இனி வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அஞ்சலை அக்கா விடவில்லை: “தப்பு எங்க ஆச்சுன்னு ஒனக்குத்தான் தெரியும். வேற எவ வந்தாலும் மொதல்லேர்ந்து தப்பு பண்ணுவா. நீயே படி.”

நீலத்தை அழித்தேன். சாம்பலில் நாற்பத்தொன்றையும் ஏற்றினேன். கண் எரிகிறது. மறுபடி இரண்டு மணி நேரம். இருக்கட்டும்.

மா. 5. காற்று அடங்கியிருந்தது. விடிந்ததும் இறங்க, எஞ்சினோடு நாலைந்து பேர் சங்க மாடிக்குக் கீழே கரையில் தயார், அவரும்தான். எச்சரிக்கை ஒரே தலைப்பில் மூன்று முறை வந்திருந்தது. முதலாவதைப் படித்தேன், இன்றைக்கானது. இரண்டாவது, அதுவும் இன்றைக்கு.

“அதான் சொல்ட்டியேமே” என்று கீழேயிருந்து அவர் குரல். சிரித்தார்கள்.

மூன்றாவதையும் படித்தேன். நாளைக்கும் போக வேண்டாம் என்று இருந்தது. அவர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.