உன் நம்பரைக் கொடுத்தது நான்தான்

சமீனா,

எழுப்ப மனம் வரவில்லை. நாஷ்டாவுக்கு இட்லி அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி டிவி மேல்.

நேற்று கிரெடிட் கார்டு கம்பெனி ஆள் உன்னைப் போனில் அசிங்கமாகத் திட்டினான். நானோ, "நீ இன்னாத்துக்கு போனை எடுத்தே?" என்று உன்மேலேயே பாய்ந்தேன். "என் நம்பர் அவனுக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். பொய். கார்டு வாங்கும்போது உன்னைக் கேட்காமல் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

பிரவுசிங் சென்டரில் நெட் வழியாக நான் கட்டிய கார்டு பணம் வரவே இல்லை என்கிறார்கள். அத்திப்பட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, புகார் கொடுக்கத் திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன். யார் வந்து கேட்டாலும் கதவைத் திறக்காதே.

ஹயாத்

பி.கு.: உன் போனைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. இன்றைக்கு அவன் திட்டுவதை நான் கேட்டுக்கொள்கிறேன்.