மேனேஜரின் கம்பள மரம்

8 ஏப்ரல் 1969, செவ்வாய்

எங்கள் எண்ணூர் தொழிற்சாலை மேனேஜர் பாரசீகக் கம்பளம் ஒன்றை வாங்கி ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார். அதில் சுடர்போல் கூம்பிய சைப்ரஸ் மரம். ஒரு சருகு இல்லை, பட்ட கிளை இல்லை. மனிதருக்கு ரசனை வந்துவிட்டதாம். வாசல் பூவரசையும் இன்று அதேபோல் செதுக்கச் சொன்னார். நிஜ மரம் சருகும் எச்சமுமாகத்தானே இருக்கும்?

"கொக்கு கூடு கீது சார், குஞ்சுங்க கத்திகினு கீது," என்றார் தோட்டக்காரர்.

"எல்லாம் குப்பை. வெட்டிப் பெருக்கு!"

பூவரசு இப்போது தேய்ந்த துடைப்பமாக நிற்கிறது. குஞ்சுகள் சருகோடு குப்பை வண்டியில் போயின.

மாலை கடிதம் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு எடுத்துப் போனேன். கம்பளத்து மர உச்சியில் நெய்திருந்த பறவையைத் தடவிக் காட்டினார்.

"பாரும்மா, என்ன உயிரோட்டம்!"

அதற்கும் "ஆமாம் சார்" என்றேன். த்தூ.