முறுக்கு அச்சில் தேங்காய்ப் பால்

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் இன்று ஆப்பம். கொழுந்தன் மனைவி கவிதா அரைத்த தேங்காயை முறுக்கு அச்சில் போட்டு அழுத்தினாள். சொட்டு மிச்சமில்லாமல் பால் இறங்கியது. மணிக்கட்டு வலியால் வருஷக்கணக்காகத் தேங்காய் பிழியாத மாமியார், தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தப் பொண்ணுக்கு என்னா மூளை பாரு" என்று என் கணவர் என்னிடமே சொன்னார். முதுநகரில் எங்கள் அடுக்களையில் நான் நாலு வருஷமாக அப்படித்தான் பிழிகிறேன். ஒரு நாள்கூட இவர் எட்டிப் பார்த்ததில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கவிதாவே, "எனக்கென்னா தெரியும், பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போனப்ப அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அவளுக்குச் சொன்ன, சரி. எனக்குக் கை வலிக்குதுன்னு உனக்கும்தான தெரியும். ஒரு தடவ செஞ்சு காட்டலியே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அந்த வீட்டுக்குப் போனால் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறவள் நான். கவிதா முதல் ஆப்பத்தை எனக்குத்தான் வைத்தாள், பால் நிறைய ஊற்றி. நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. அவள் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.